மாரித்தாயின் சுண்டுவிரல்

எங்க கம்பெனியில துப்பாக்கி செய்றோம்னு சொன்னா வெளியூர்ச் சனம் ஒரு எட்டு பின்னால போகும். அட, தீவாளித் துப்பாக்கிதான். தகரத்தைப் பிரஸ்ல அடிச்சு, ரெண்டு பாதியையும் சேர்த்து ரிவெட் போட்டு, கறுப்புப் பெயின்ட் தெளிச்சு, ரோல் கேப் மாட்டிச் சுடறது. ஆமத்தூர் விலக்குல இறங்கி யாரைக் கேட்டாலும் உக்கிரபாண்டி மொதலாளி கம்பெனிக்கு வழி சொல்லிருவாக. நான் பானுப்பிரியா, அங்க பேக்கிங்ல இருக்கேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு, இருந்துட்டுப் போகட்டும். இப்பச் சொல்லப்போறது என்னைப் பத்தி இல்ல, எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்து டெஸ்டிங் பாக்குற மாரித்தாயக்காவைப் பத்தி.

பதினாறு வருஷமா அக்காவுக்கு அந்த ஸ்டூல்தான். ரிவெட்ல இருந்து துப்பாக்கி வரும். அக்கா ரோலை மாட்டி, சுருள் வாலை மேல நீட்டிவிட்டு, மூணு தடவை சுடும். மூணும் வெடிச்சா, வாயைத் தொறக்காம மூக்காலேயே ‘பாஸ்’னு ஒரு சத்தம் வரும். ஒண்ணு தப்பினாலும் சிவப்புக் கூடை. பாஸ் ஆனது என் கைக்கு வரும்போது டப்பா அடியில ‘மா’ன்னு ஒரு சீல் குத்தித் தரும். அந்த சீலை அக்கா சேலை முந்தியிலேயே முடிஞ்சு வச்சிருக்கும். கம்பெனிச் சாமானை ஏன்க்கா வீட்டுக்குக் கொண்டு போறேன்னு ஒருநா கேட்டேன். "அது கம்பெனிச் சாமான் இல்லட்டி, எம் பேரு"ன்னுச்சு.

அக்கா வீட்டுக்காரர் சங்கிலிமுத்து அண்ணன். லேபிள் அடிக்கிற பிரஸ்ல லோடுமேன். பேப்பர் பண்டலை ஒத்தைத் தோள்ல தூக்கிட்டுப் போற ஆளு. மீசையப் பாத்தா நாய் குரைக்கிறதை நிறுத்திரும். அவர்கிட்ட ஒரே ஒரு குறை. வருஷா வருஷம் தீவாளிக்கு விடியக் கருக்கல்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சதும் சைக்கிளை எடுத்துட்டு ஆனைக்குட்டம் அணைப்பக்கம் போயிருவாரு. பொழுது அடைஞ்சு, ஊர்ல வெடிச்சத்தம் ஓய்ஞ்ச பிறகுதான் திரும்புவாரு. அக்கா தனியா உக்காந்து தீவாளிச் சோறு திங்கும். குடிக்கப் போறாருன்னு தெருவே பேசும். அதை எல்லாரையும் விடச் சத்தமாப் பேசினது நான்தான். கேட்டா அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாது, கூட்டியும் பேசாது.

போன ஆவணி பொறந்த வாரம் கோயம்புத்தூர் லோடு திரும்பி வந்துச்சு. இருநூறு பெட்டி. எங்க கம்பெனிச் சரித்திரத்துல போன லோடு திரும்பி வந்ததே இல்ல, லாரிக்காரனே இறக்கிவைக்க வெக்கப்பட்டான். பெட்டி மேல ‘சுடவில்லை’ன்னு சிவப்பு மார்க்கர்ல எழுதியிருந்துச்சு. மொதலாளி வெளிய வந்து பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாக. பிரஸ் செக்ஷன் ஃபோர்மேன் காளிராஜ், கேக்காமலே முந்திக்கிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, பிரஸ்ல ஒண்ணும் தப்பில்ல. டெஸ்டிங்ல சுடாமலே சீல் குத்தியிருக்கு. சீசன் நேரம், கை வலிச்சிருக்கும்."

பதினாறு வருஷத்துல ஒரு நாளும் அக்கா முகம் அப்படிச் செத்து நான் பாத்ததில்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காளிராஜை அந்தப் பிரஸ்லயே வச்சு அடிச்சிருப்பேன். அக்கா எந்திரிச்சுப் போச்சு. திரும்பி வந்த பெட்டியில ஒண்ணை உடைச்சு, பன்னெண்டு துப்பாக்கி எடுத்து, மொதலாளி கண்ணு முன்னால வரிசையாச் சுட்டுச்சு. முப்பத்தாறு வெடி. ஒண்ணு கூடத் தப்பல. கடைசித் துப்பாக்கியை வச்சுட்டு, "நான் சுடாம சீல் குத்தினேனா அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு. மொதலாளி அங்கனயே போனைப் போட்டு கோயம்புத்தூர் ஏஜென்டைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாக.

மறுநாளே ஏஜென்ட் காரை எடுத்துட்டு வந்துட்டாரு. கோயம்புத்தூர்க்காரர் கோவத்துலயும் மரியாதையாத்தான் பேசுவாருபோல. "ஏனுங்க, நானென்ன பொய் சொல்லவா இத்தனை தூரம் வாரனுங்க?"ன்னுட்டு, அதே பெட்டியில இருந்து ஒரு துப்பாக்கியை எடுத்தாரு. டிக். மறுபடி டிக். மறுபடியும் டிக். அதே துப்பாக்கியை அக்கா வாங்கிச்சு. டப், டப், டப். அவர் வாங்கினாரு. டிக். அக்கா வாங்கிச்சு. டப். நாங்க நாப்பது பொம்பளைங்க வேலையை விட்டுட்டுச் சுத்தி நின்னு தலையை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கோம். ஏஜென்டுக்கு வேர்த்துப்போச்சு. இது ஏதோ செய்வினைன்னு நெனச்சாரோ என்னமோ, துப்பாக்கியைத் தொடறதுக்கு முந்தி வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டாரு.

கடைசியில போனை எடுத்து அக்கா சுடறதை வீடியோ பிடிச்சாரு. அதை மெதுவா ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பாத்தாரு. நாலாவது தடவை, "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னாரு. போனைக் கையில வச்சிருந்ததே அவர்தான்.

வீடியோவுல தெளிவாத் தெரிஞ்சுச்சு. அக்கா விசையை அமுக்கறதுக்கு ஒரு கண்ணிமை நேரம் முந்தி, இடக்கைச் சுண்டுவிரல் தானா எந்திரிச்சுப் போய், மேல நீட்டியிருக்கிற சுருள் வாலைத் துளியூண்டு இழுக்குது. அந்த இழுப்புல வெடிமருந்துப் பொட்டு, அதை அடிக்கிற குதிரைக்குச் சரியா நேரா வந்து உக்காருது.

"நான் இழுக்கலயே"ன்னுச்சு அக்கா.

"அம்மணி, உங்க விரலுங்க இது."

அக்கா தன்னோட சுண்டுவிரலைத் தூக்கி, யாரோ வீட்டுப் பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்துச்சு.

மொதலாளி, "நான் சுடறேன், பாருங்க"ன்னு வாங்கிச் சுட்டாக. டப். வீடியோவுல பாத்தா அவுக சுண்டுவிரலும் இழுக்குது. காளிராஜ் சுட்டான், இழுத்தான். நான் வைராக்கியமா இழுக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே சுட்டேன். டப். எனக்குச் சுண்டுவிரலுக்குப் பதிலா மோதிரவிரல் போயிருக்கு. நாப்பது பொம்பளைகளும் சுட்டோம். நாப்பதும் டப்.

யோசிச்சுப் பாத்தா காரணம் வேற எங்கயும் இல்ல. சீசன் முடிஞ்சதும் சிவப்புக் கூடையில சேந்த கழிசல் துப்பாக்கியை எல்லாம் வேலைக்காரங்க பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறது எங்க பக்கத்து வழக்கம். எங்கப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான். நல்ல துப்பாக்கி எல்லாம் வெளியூருக்குப் போயிரும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கழிசல். அது சும்மா சுட்டா வெடிக்காது, வாலை இழுத்துச் சுட்டாத்தான் வெடிக்கும். அஞ்சு வயசுல இழுக்கப் படிச்ச விரல் அம்பது வயசுலயும் இழுக்குது. துப்பாக்கின்னா அப்படித்தான் சுடறதுன்னு நாங்க நெனச்சிருந்தோம். மொதலாளி மட்டும் என்ன, அவுக அப்பா கம்பெனிக் கழிசல்ல விளையாண்டவுகதானே.

"அப்ப துப்பாக்கியில தப்பில்ல"ன்னாக மொதலாளி. "சுடற முறை தெரியல, அம்புட்டுதான்."

"நல்லாருக்குதுங்க. அப்ப ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு மாரித்தாய வெச்சு விக்கச் சொல்றீங்களா?"

மொதலாளி ரிவெட்டைக் கழட்டச் சொன்னாக. துப்பாக்கியைப் பிரிச்சுப் பாத்தாக. விசையை அமுக்கும்போது சுருளை மேல தள்ளுற தகர நாக்கு, பழைய துப்பாக்கியில இருந்ததை விட அரை அரிசி நீளம் குறைவு. நாக்கு வெட்டுற அச்சு, அதான் டை, தேஞ்சுபோய் எம்புட்டு நாளாச்சோ, காளிராஜுக்கே தெரியல. தேயத் தேய அக்கா விரல் கூடக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்து ஈடு கட்டியிருக்கு. போன வருஷம் வரைக்கும் வெளியூர்க் கையிலயும் ஏதோ வெடிச்சிருக்கு, இந்த வருஷம் டை மொத்தமாப் போயிருச்சு. காளிராஜ் உச்சந்தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "டெஸ்டிங்ல பாஸ் ஆனதால நானும் கவனிக்கல"ன்னான். அந்த ஒரு பேச்சு உண்மை. அதுனாலதான் அக்காவுக்கு அது அம்புட்டு வலிச்சுது.

ஏஜென்ட் முடிவாச் சொல்லிட்டாரு. புது டை போட்டு, அம்புட்டு நாக்கையும் மாத்தி, ஒவ்வொண்ணையும் இழுக்காத கையால சுட்டுப் பாத்து அனுப்பணும். "உங்க ஊருல அப்படிக் கை இல்லீன்னா சொல்லுங்க. திங்கக்கிழமை எங்கூர்ல இருந்து ஒரு புள்ளைய அனுப்பி வெக்கறேன். அது டெஸ்டிங் பாக்கும்."

மொதலாளி அக்காகிட்ட வந்து, தரையைப் பாத்துக்கிட்டே, "தாயி, நீ ரிவெட்டுக்குப் போயிரு. கூலி கொறைக்கல"ன்னாக. அக்கா முந்தியில முடிஞ்சிருந்த ‘மா’ சீலை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு.

திங்கக்கிழமைக்கு நாலு நாள் இருந்துச்சு. அந்த நாலு நாளும் அக்கா அந்த ஸ்டூலுக்காகப் பட்ட பாடு இருக்கே. மொத நாள் சுண்டுவிரல்ல துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டுச் சுட்டுச்சு, மோதிரவிரல் இழுத்துருச்சு. நாலு விரலையும் சேர்த்துக் கட்டிச்சு, கட்டைவிரல் வந்துருச்சு. இடக்கையைத் தொடைக்குக் கீழ போட்டு அது மேலயே உக்காந்துச்சு. வலக்கை துப்பாக்கியை லேசா உதறி, சுருளைத் தானா மேல தள்ளிருச்சு. டப். நான் சிரிச்சிட்டேன். அக்கா கண்ணுல தண்ணி நிக்கிறதைப் பாத்ததும் என் சிரிப்பை நானே செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு.

அதுக்குப் பிறகுதான் இழுக்காத கையை நானே தேடிப் பிடிச்சிருவோம்னு கிளம்பினேன். கோயம்புத்தூர்க்காரி வந்தா ஸ்டூல் போயிரும். நம்ம ஊர்க்கை ஒண்ணு கெடைச்சா, பக்கத்துலயாவது அக்காவை உக்கார வைக்கலாம்ல. துப்பாக்கியைக் கூடைப்பையில போட்டுக்கிட்டு வீடு வீடாப் போனேன். கோயில் பூசாரி சாமிக்கு முன்னால சுடமாட்டேன்னு வெளிய வந்து சுட்டாரு, இழுத்தாரு. பக்கத்துக் கம்பெனி வடக்கத்தி ஆளுக நாலு பேரு இருக்காகளே, அவுகளாவது தெரியாம சுடுவாகன்னு பாத்தா, ரெண்டு சீசன்ல அவுகளும் நல்லாவே படிச்சிருக்காக. பேங்க் வாசல்ல செக்யூரிட்டி ராக்கப்பன் இருக்காரு, ஆயுதப்படையில இருந்து ரிட்டயர்டு ஆனவரு, நெசத் துப்பாக்கி பிடிச்ச கை. பெரிய நம்பிக்கையோட நீட்டினேன்.

"நெசத் துப்பாக்கியே நான் இருந்த காலத்துல மூணுக்கு ஒண்ணு டிக்குன்னுதான் சொல்லும் தாயி"ன்னு சொல்லிக்கிட்டே காலை அகட்டி, ஒத்தைக் கண்ணை மூடி, குறி பாத்துச் சுட்டாரு. டப். சுண்டுவிரல் அழகா இழுத்துச்சு. "பாத்தியா, என் கைக்குத் தப்பாது"ன்னு பெருமை வேற.

ஞாயித்துக்கிழமை காலையில அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில உக்காந்து ஒண்ணையும் சமைக்காம அரிசியைப் புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. சங்கிலிமுத்து அண்ணன் முத்தத்துல சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. அதைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"பொண்டாட்டி ஸ்டூல் நாளைக்குப் போகப்போகுது, நீரு சைக்கிளுக்கு எண்ணெய் போடும். அணைக்கு இப்பவே கிளம்புறீகளோ?"

அவர் கோவப்படல. துணியைக் கீழ வச்சுட்டு, "என்னம்மா பிரச்சினை? இவ எதுவும் சொல்ல மாட்டேங்கா"ன்னாரு. நான் மொத்தத்தையும் கொட்டினேன். "கேப் துப்பாக்கியை வாழ்க்கையில தொட்டே இருக்காத ஒரு கை வேணுமாம் அண்ணே. இந்த மண்ணுல பொறந்தவன்ல அப்படி ஒருத்தன் இருப்பானா?"

அண்ணன் அடுப்படிப் பக்கம் பாத்தாரு. அக்கா சொளகைக் கீழ வச்சுட்டு அவரைப் பாத்துச்சு. வேண்டாம்னு தலையை ஆட்டிச்சு. எனக்கு ஒரு மண்ணும் புரியல.

"நான் வாரேன்"ன்னாரு அண்ணன்.

"பேசாம இருங்க. ஸ்டூல் போனாப் போகுது."

"இருவத்திரெண்டு வருஷமா எனக்காகப் பேசாம இருந்தியே, அது போதும்."

பிறகு என்கிட்டத் திரும்பி, மீசையைத் தடவிக்கிட்டே சொன்னாரு. அவருக்கு வெடின்னா பயமாம். சின்ன வயசுல இருந்தே. "வெடி விபத்துல மாட்டினீரா, யாரையும் பறிகொடுத்தீரான்னு கேப்பீக. ஒண்ணும் கெடையாதும்மா. சும்மாவே பயம். மெசினு நாளெல்லாம் கத்தினாலும் எனக்குப் பளகிப்போகும். டப்புன்னு ஒரு சத்தம், அதுதான் ஆகாது. சின்னப்பிள்ளையில துப்பாக்கி கொடுத்தாக, தொட்டதே இல்ல. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, இந்த மீசையை வச்சுக்கிட்டு, இதை யாருகிட்டச் சொல்ல? தீவாளிக்கு அணையில போய்க் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். குடிகாரன்னு சொன்னாக. அது பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிரலாம் போல ஆயிருச்சு. எம்புட்டு நாளு அந்த மனுசனைக் குடிகாரன் குடிகாரன்னு தெருக்குழாயில நின்னு பேசியிருக்கேன். "மன்னிச்சிருங்கண்ணே"ன்னேன். "அதுக்கென்னம்மா, சாயா குடிக்கிறியா?"ன்னாரு.

திங்கக்கிழமை காலையில கம்பெனியே கூடியிருந்துச்சு. ஏஜென்ட் ஒரு பொண்ணைக் கார்லயே கூட்டிட்டு வந்திருந்தாரு. திரும்பி வந்த துப்பாக்கி ஒண்ணை எடுத்து அண்ணன் கையில கொடுத்தாக. பேப்பர் பண்டலைப் பந்து மாதிரி தூக்குற கை, அதை நுனிவிரலால பிடிக்குது. ரெண்டு காதுலயும் பஞ்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. துப்பாக்கியை முடிஞ்ச மட்டும் உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக்கிட்டு அமுக்கினாரு.

டிக்.

நாப்பது பொம்பளைகளும் கை தட்டினோம். சுடாத துப்பாக்கிக்கு எங்க கம்பெனியில கை தட்டினது அன்னைக்குத்தான். அண்ணன் ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தாரு. இன்னொரு தடவை, டிக். முகமெல்லாம் சிரிப்பு. "எம்புட்டு நல்ல துப்பாக்கி, இதை எதுக்குத் திருப்பி அனுப்புனாக?"ன்னு கேட்டாரு. ஏஜென்டே சிரிச்சிட்டாரு.

அடுத்து, காளிராஜ் புது டையில நாக்கு வெட்டிப் போட்ட துப்பாக்கி வந்துச்சு. அண்ணன் இது வரைக்கும் வந்த தைரியத்துல சிரிச்ச முகமாவே வாங்கி அமுக்கினாரு. டப். துப்பாக்கி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். நான் டப்பா அடுக்கி வச்சிருந்தது மொத்தமும் அவர் மேல. யாரும் சிரிக்கல, சத்தியமாச் சிரிக்கல. அக்கா போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுச்சு.

"பாஸா?"ன்னு கேட்டாரு. கண்ணு இன்னும் மூடித்தான் இருந்துச்சு.

"பாஸ்"னுச்சு அக்கா.

அண்ணன் மொதலாளியப் பாத்துச் சொன்னாரு. "நான் சுடறேன் அண்ணாச்சி. ஆனா கண்ணைத் தொறக்கமாட்டேன், காதுல பஞ்சை எடுக்கமாட்டேன். வெடிச்சதா, நெருப்பு சரியா வந்துச்சா, அதை எல்லாம் இவதான் பாத்துச் சொல்லணும். இவ பக்கத்துல இல்லைன்னா எனக்குக் கை வராது." மொதலாளி ஏஜென்டைப் பாத்தாக. ஏஜென்ட், தான் கூட்டிட்டு வந்த பொண்ணைப் பாத்தாரு. அந்தப் பொண்ணு இதுக்குள்ள ஒரு துப்பாக்கியை எடுத்துச் சும்மா சுட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல நின்ன எங்க பொம்பளைங்க சுட்டுக் காட்டினதைப் பாத்துட்டு, அதுவும் சுண்டுவிரலால வாலை இழுத்துருச்சு.

அந்த சீசன் முழுக்க டெஸ்டிங் டேபிள்ல ரெண்டு ஸ்டூல். அண்ணன் சுடுவாரு, துள்ளுவாரு. அக்கா ‘பாஸ்’னு சொல்லி சீல் குத்தும். நான் எட்ட இருந்தே, அவர் துள்ளுறதை வச்சே டப்பாவை எடுத்துருவேன். அவர் சிரிச்சா சிவப்புக் கூடை. புரட்டாசியில ஒருநா அண்ணன் சுண்டுவிரல் லேசா எந்திரிக்கப் பாத்துச்சு. அக்கா அளவுக்குச்சியால அதுமேல ஒண்ணு போட்டுச்சு, அது அப்படியே படுத்துருச்சு. லோடு போச்சு. ஒரு பெட்டி கூடத் திரும்பி வரல. ஒவ்வொரு டப்பா அடியிலயும் ‘மா’.

தீவாளியன்னைக்கு நான் பலகாரம் கொடுக்கப் போனேன். அக்கா வீட்டுச் சுவத்துல சைக்கிள் சாஞ்சிருந்துச்சு. உள்ள ரெண்டு இலை போட்டிருந்துச்சு. அண்ணன் காதுல பஞ்சோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, எதிர்ல அக்கா. கல்யாணம் ஆனதுல இருந்து அந்த ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து திங்கிற மொத தீவாளிச் சோறு அது. எனக்குப் பேச்சு வரல. எனக்கே வரலைன்னாப் பாத்துக்கோங்க.

தெருவுல எந்தப் பயலோ ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். வீடு அதிர்ந்துச்சு. அண்ணன் கையில இருந்த சோத்து உருண்டை எகிறிப்போய் விழுந்துச்சு.

அக்கா நிமிரக்கூட இல்ல. அவர் இலையில குழம்பை ஊத்திக்கிட்டே மூக்கால சொல்லிச்சு.

"பாஸ்."